குளம்புக் கோடு

ஐப்பசியின் முதல் பெருமழை மூன்று நாள் நின்று பெய்து ஓய்ந்த காலையில், நத்தைக்கண்மாய் ஊரிலிருந்த நூற்றுப் பதினாறு வீடுகளிலும் பாத்திரங்கள் கோடு விட்டிருந்தன. சோற்றுப் பானை, எவர்சில்வர் தூக்கு, பித்தளைக் குடம், பிளாஸ்டிக் வாளி, பிரஷர் குக்கர், சாமி மாடத்து விளக்கு என்று எதுவும் தப்பவில்லை. ஈர மண்ணில் நகத்தால் கீறியதுபோலக் கோடுகள் அவற்றில் பள்ளமாக விழுந்திருந்தன. தடவினால் விரலில் நெருடின, தேய்த்தால் போகவில்லை. முதலில் பார்த்தவள் காப்பி போட எழுந்த பஞ்சவர்ணம். குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பால் பொங்கிவிட்டதும் அடுப்பைத் தணித்தாள், புருசன் நல்லமணியை எழுப்பி, "பாத்திரமெல்லாம் கோடு விட்டிருக்கு, பாத்துப் பொழங்குங்க" என்றாள்.

அவளுக்கு அந்தக் கோடுகள் புதிதில்லை. மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் ஊருக்கு மேற்கே பானைமேட்டில் அகழாய்வு நடந்தபோது, குழியிலிருந்து வந்த ஓடுகளைப் பல் விளக்கும் பிரஷால் கழுவிக் காயவைக்கிற வேலைக்குப் போன ஒன்பது பெண்களில் அவளும் ஒருத்தி. மூவாயிரம் வருசத்து ஓடுகள் தண்ணீரில் மண் கரைந்ததும் கழுத்தோரத்துக் கோடுகளைக் காட்டும். அகழாய்வை நடத்திய சுபத்ரா மேடம் வெயில் தாழ்ந்ததும் கழுவுகிற இடத்துக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். "இதைப் பாருங்க பஞ்சவர்ணம், இந்தக் கட்டத்துக்குள்ள கட்டம். வயல் வச்ச சனம் இப்படிப் போட்டிருக்கலாம். இது கயித்தை அழுத்தி எடுத்த வரி. கூடையும் வலையும் பின்னினவங்க கை மண்ணைத் தொட்டாலும் பின்னலைத்தான் போடும்." அப்புறம் ஒரு சிறிய கறுப்பு ஓட்டை எடுத்து, அலைபோல ஓடி விளிம்பில் முறிந்த கோட்டைக் காட்டினார். "இது சேரவே இல்ல. ஆடு மாட்டோட நடந்துக்கிட்டே இருந்தவங்களா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா மனுசன் எப்படிப் பொழைக்கிறானோ அதைத்தான் அழகுன்னு நெனைக்கிறான்."

மழைக்கு முன்னால் குழிகளை மூடிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கோடு விட்டது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஏன் விட்டது என்று ஊரில் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாளிலிருந்து எந்த வீட்டில் என்ன கோடு என்பதுதான் பேச்சாக இருந்தது.

நெல் போடுகிற வீடுகளில் வரப்பும் வாய்க்காலுமாகக் கட்டங்கள். கருவேலங்கரி மூட்டம் போடுகிற சங்கிலி வீட்டில் அடர்ந்த புள்ளிகள், அவற்றின்மேல் சுருண்டு சுருண்டு ஏறும் வளையங்கள். தையற்காரர் காதர் வீட்டில் ஓட்டுத் தையல், வாத்தியார் வீட்டில் நாலு வரி நோட்டு. மகனைக் குவைத்துக்கு அனுப்பியிருந்த மாரியக்காள் வீட்டுச் சொம்புகளில் ஒரே ஒரு கோடு கழுத்துவரை ஏறி விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி அடியில் போய் மறைந்தது. அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மிச்சம் வைத்தாள், அடி தெரியக்கூடாது என்று. சென்னையில் ஆபீஸில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவனின் வீட்டில் தோசைக்கல் வட்டங்கள் வரிசையாக விழுந்தன, அவன் தாய் ஒரு வாரம் வெளியே வரவில்லை, எட்டாம் நாள் வந்து, "ஆமா, ஓட்டல்லதான் இருக்கான், அதனால என்ன" என்று தெருக்குழாயடியில் சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. கடையில் வாங்கின நாள்போலவே எல்லாம் வழவழவென்று இருந்தன. அவர் மதுரைக்குப் போய்ச் சித்திர வேலை செய்த பாத்திரங்களாக வாங்கி வந்து வாசலில் கவிழ்த்து வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தாசில்தார் வந்தார், பார்த்தார், காப்பி குடித்தார், சாட்சிக்கு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஆபீஸ் மேசையில் நாலு நாள் இருந்ததில் அந்த டம்ளரின் வயல் கட்டங்கள் அழிந்து சின்னச் சின்ன வட்ட முத்திரைகளாக மாறிவிட்டன என்று கேள்வி. அறிக்கை வரவில்லை. மார்கழி வருவதற்குள் ஊர் பழகிவிட்டது. வீடு மாறிய பாத்திரத்தைக் கோடு பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு அடுப்படியையும் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் நின்ற கோடுகள். நடக்கிற கோடுகளும் இருந்தன. லாரி ஓட்டும் சகாயத்தின் பெண்டாட்டி ஜெசிந்தா வீட்டு அண்டாவில் இரட்டைத் தடம் ஒன்று நாளுக்கு நாள் வளர்ந்தது. அவன் சரக்கேற்றிப் போனால் அது விளிம்பைவிட்டு இறங்கும், திரும்பினால் ஏறும். ஜெசிந்தா அதை விரல் வைத்து அளக்கக் கற்றுக்கொண்டாள். நாலு விரல் என்றால் மதுரை, இரண்டு சாண் என்றால் சேலம். தடம் விளிம்புக்கு ஒரு விரல் தூரத்தில் வந்ததும் உலை வைப்பாள். சோறு வடிக்கவும் லாரி தெருமுனையில் திரும்பவும் சரியாக இருக்கும்.

பஞ்சவர்ணத்தின் வீட்டில் எல்லாம் கட்டங்கள், வடக்கே கிடந்த ஒன்றரை ஏக்கர் அப்படியே படியெடுத்து வைத்ததுபோல. ஒன்று மட்டும் வேறு. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடத்தில் இரண்டிரண்டாகப் பிளந்த சிறு குளம்புகள் வரிசையாகக் கழுத்திலிருந்து இறங்கி வயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விடியலிலும் வரிசை கொஞ்சம் நீண்டிருந்தது.

அது யாருடைய நடை என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்தது. அவளுடைய அப்பன் கீதாரி. செம்மறிக் கிடை ஓட்டிக்கொண்டு வருசம் முழுக்க நடப்பவர், வயல்களில் ஆட்டை அடைத்து உரத்துக்குக் கூலி வாங்குபவர். பஞ்சவர்ணமும் தங்கை இருளாயியும் ஆட்டுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவர்கள். பஞ்சவர்ணம் நிலம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். இருளாயி இன்னொரு கீதாரிக்கு வாழ்க்கைப்பட்டு நடந்துகொண்டே இருந்தாள், குடத்தில் இறங்கிய நடை அவளுடையது. வருசத்துக்கு ஒருதரம் இந்தப் பக்கமாக வரும்போது அக்காள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள், கழுத்தில் துண்டும் இடுப்பில் குட்டியுமாக. பஞ்சவர்ணம் தண்ணீர் கொடுப்பாள், சோறு கட்டிக் கொடுப்பாள், தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வாள்.

ஆறு வருசத்துக்கு முன்னால் இருளாயி வந்தபோது பத்து வயது மகள் தவமணியையும் கூட்டிவந்தாள். பிள்ளைக்குப் புது நீலப் பாவாடை, எண்ணெய் வழிய வாரிய தலை.

"அஞ்சு வரைக்கும் எங்கெங்கயோ படிக்க வச்சுட்டேங்க்கா. ஆறாம் வகுப்பு ஒரு எடமா இருந்தாத்தான் ஆகும்ங்கறாக. போன தடவையே சொன்னேன்ல, ஒன் வீட்ல இருக்கட்டும். வேலையெல்லாம் செய்வா."

தவமணி அடுப்படியில் அடுக்கியிருந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கென்ன, நான் வச்சுக்குவேன்" என்றாள் பஞ்சவர்ணம். "அவுக ஒத்துக்க மாட்டாக இருளாயி. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

அவள் கேட்கவில்லை. தன் மகள் அபிநயா அப்போது டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் இந்தப் பெண் யார் என்று கேட்பார்கள், பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு அவள் நினைத்தது. இருளாயி, "செரிக்கா, அவுகளை ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வாசலுக்கு வரவில்லை. கண்மாய்க்கரையோடு போய்விடுவாள்.

குடத்தில் குளம்புகள் விழுந்த அந்த ஐப்பசியில் அபிநயாவுக்கு இளையான்குடிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எட்டு ஏக்கர் நஞ்சை, பையன் கூட்டுறவு வங்கியில் வேலை. தையில் நிச்சயம் என்று பேச்சு. பஞ்சவர்ணம் புளியும் செங்கல்பொடியும் போட்டுக் குடத்தைத் தேய்த்தாள். மினுமினுப்பு கூடியது, குளம்புகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. கடைசியில் குடத்தை மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் புண்ணாக்குச் சாக்குக்குப் பின்னால் வைத்து மேலே கோணியைப் போட்டாள். முதலில் தினமும் போய்ப் பார்த்தாள். கார்த்திகை முழுதும் குளம்புகள் வயிற்றின் கீழ்ப்பக்கம் போயின, மார்கழியில் திரும்பி ஏறின. தங்கை இந்தப் பக்கம் வருகிறாள் என்று தெரிந்தது. அதற்கப்புறம் பலகாரத்துக்கு மாவு இடிக்கவும் வெள்ளையடிக்கவும் நேரம் சரியாக இருந்ததால் அவள் கொட்டகைக்குப் போவதை விட்டுவிட்டாள். நேரமில்லாததால்தான் போகவில்லை என்று பிறகு பலரிடம் சொன்னாள். தன்னிடம் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு பேர் அடுப்படியைப் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கட்டம் கட்டமாகக் கிடந்த தாம்பாளத்தில் வெற்றிலையை வைத்துக்கொண்டு, "நம்ம வயலேதான், வாய்க்கால் மட்டும்தான் எங்களுக்குக் கெழக்க ஓடும்" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஜெசிந்தா வந்தாள். மண்வெட்டி இரவல் கேட்டு வந்தவள். கோணி நழுவியிருந்ததில் குடத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, கொட்டாயில ஒரு குடம் இருக்குல்ல" என்றாள், கொல்லைக் கதவோரம் நின்று மெதுவாக. "அதுல கோடு ஒரே எடத்துல சுத்திக்கிட்டு நிக்குது, நாலு நாள் தடம் இருக்கும். முடிச்சு மாதிரி. எங்க வீட்டுக்காரர் வண்டி கவுந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப இப்படித்தான் விழுந்துச்சு. யாரோடதுக்கா அது?"

கூடத்தில் மாப்பிள்ளையின் அத்தை தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது பழங்குடம். கடையில போடணும்னு வச்சிருக்கேன்" என்றாள் பஞ்சவர்ணம். "யாரோடதும் இல்ல."

ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்த்தாள். "பக்கத்துலதான் நிக்குதுக்கா. விளிம்புக்கு ஒரு விரல்கூட இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே போயிருக்கலாம். வந்தவர்கள் போய்விட்டார்கள், நல்லமணி வீட்டில் இருந்தார், மொபெட்டில் பெட்ரோல் இருந்தது. மறுநாள் போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் விடியும்போது பஞ்சவர்ணம் இன்றைக்கு என்று நினைத்தாள். சமையற்காரர் வந்தார், பந்தற்காரர் வந்தார், சேலைக்கு ரவிக்கை தைத்து வந்தது. நிச்சயம் முடியட்டும், முடிந்த கையோடு போய் நிற்போம், இருளாயியை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பார்த்து அனுப்புவோம் என்று மனதுக்குள் பேசிக்கொண்டாள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. இருநூறு பேர் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போய்க் கோணியை எடுத்தாள். குளம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பித்தளையை அரைத்திருந்தன. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் வெறும் பித்தளை. அதைத் தாண்டிக் குளம்புகள் மறுபடியும் தொடங்கியிருந்தன, ஆனால் நெருக்கமாக, அடிக்கு அடி தூரம் குறைவாக. அவள் தங்கையோடு பதினேழு வருசம் ஒரே மந்தைக்குப் பின்னால் நடந்தவள். இது இருளாயியின் நடை இல்லை.

நல்லமணி கேள்வி கேட்காமல் மொபெட்டை எடுத்தார். ஒன்பது மைல் போவதற்குள் நாலு இடத்தில் நிறுத்தி ஆட்டுக்கிடையைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். வழியில்தான் அவள் சொன்னாள், குடத்தைப் பற்றி, முடிச்சைப் பற்றி, ஆறு வருசத்துக்கு முந்தி வந்த தவமணியைப் பற்றி. எதிர்க்காற்றில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. மொபெட் மெதுவாகி நின்றது.

"எங்கிட்ட நீ கேக்கவே இல்லையே" என்றார் நல்லமணி.

"இல்ல."

"கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னா நெனைக்கிற?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார் என்று தெரிந்துதான் அவள் கேட்காமல் இருந்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார். அதற்கப்புறம் அந்த வருசம் முழுதும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

கிடை ஒரு தரிசில் இருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. தொண்ணூறு செம்மறிகள், பாதி சினை. வேலியோரம் புது மண் மேடு ஒன்று, அதன்மேல் முள் வெட்டிப் போட்டிருந்தது. தவமணிக்குப் பதினாறு வயது, தாயின் துண்டைக் கழுத்தில் போட்டிருந்தாள். அவளுடைய அப்பன் பெரிய மந்தையோடு திருவாரூர்ப் பக்கம் இருந்தான், செய்தி போய் வந்து பார்த்துவிட்டு, விட்டுவந்த ஆடுகளுக்காகத் திரும்பிப் போயிருந்தான். தவமணி பெரியம்மாவைப் பார்த்து அழவில்லை. சுருட்டிய பாயை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அம்மாவுக்குப் பதினோரு நாள் காய்ச்சலு" என்றாள். "ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வச்சுக் கொண்டுபோனேன். பெட்டுல இருக்கச் சொன்னாக. சினையாட்டை விட்டுட்டு இருக்க மாட்டேன்னு எந்திரிச்சு வந்துருச்சு."

"எங்கிட்ட ஓடியாந்து சொல்லக்கூடாதா? ஒம்பது மைலு."

"கேட்டேன். பெரியம்மா வீட்டுக்குப் போகவான்னு ரெண்டு தடவையும் கேட்டேன். அக்கா வீட்ல விசேசம், நம்ம போயி நிக்கக் கூடாதுன்னுருச்சு."

"விசேசம்னு எப்படித் தெரியும்?"

"போற வர்ற ஆளுககிட்ட ஒங்க ஊரைப் பத்திக் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

பஞ்சவர்ணம் மண் மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முள்ளைத் தொட்டாள். நல்லமணி தள்ளி நின்றுகொண்டார். வெயில் ஏறியது. ஆடுகள் கிளம்புகிற அவசரத்தில் முண்டிக்கொண்டு கத்தின. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து வந்து, "வீட்டுக்கு வந்துரு தவமணி. படிக்க வைக்கிறேன். அபிநயா ரூமு உனக்குத்தான்" என்றாள்.

"எனக்கு ஆடு இருக்கு பெரியம்மா" என்றாள் தவமணி. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மந்தை பெரிய ரோட்டைக் கடந்து தெற்கே போகவேண்டும். தவமணி முந்தின நாள் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து, "இதைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க" என்று பெரியம்மாவிடம் கொடுத்தாள். தழை இழுக்கிற தொரட்டிக் கம்பைக் குறுக்கே நீட்டி இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தினாள், ஆடுகள் தார்மேல் குளம்புகள் சடசடக்கக் கடந்தன, நல்லமணி பின்னால் நின்று தேங்கியவற்றை விரட்டிவிட்டார். பஞ்சவர்ணம் குட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பக்கம் போனதும் தவமணி கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"நிச்சயத்துக்கு என்ன சோறு போட்டீக?"

பஞ்சவர்ணத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மா கேட்டுச்சு. கடைசி நாளு கொஞ்சம் தெளிஞ்சு பேசிக்கிட்டு இருந்தப்ப. இந்நேரம் அக்கா வீட்டு விசேசத்துக்கு என்ன சமைக்கணும்னு பேசிக்கிட்டு இருப்பாகன்னு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிப் பாத்தோம்."

பஞ்சவர்ணம் சொன்னாள். வேறு எதுவும் சொல்ல இல்லாததால் எல்லாவற்றையும் சொன்னாள், இலையில் வைத்த வரிசையிலேயே. உப்பு, ஊறுகாய், இனிப்புப் பச்சடி, அவரைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு, வடை, பருப்பும் நெய்யும், சாம்பார், மாவத்தல் போட்ட வத்தக்குழம்பு, ரசம், மோர். தவமணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முன்னால் போன ஆடுகள் வரப்பில் இறங்கித் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தன.

"பாயசம்?"

"வச்சோம்."

"என்ன பாயசம்? அம்மா பருப்புன்னுச்சு. நான் சேமியான்னு சொன்னேன்."

"சேமியாதான்."

"அப்ப நான் சொன்னதுதான் சரி" என்றாள் தவமணி. குட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, நாக்கை மடித்து மந்தைக்குச் சத்தம் கொடுத்தபடி, ஆடுகளை எட்டிப் பிடிக்க ஓடினாள்.